உப்புத்தாள் மிஷின்

நவம்பர் 3, திங்கள்

இது போன வருஷத்து டைரி. மொதலாளி மைதீன் பாய் கொடுத்தார். கிழமையை நானே அடித்துத் திருத்திக்கொள்கிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள், எழுத்து கோணலாகத்தான் வரும். "மிஷின் விஷயத்தை அன்னன்னைக்கு எழுதி வையி முப்புடாதி, இல்லன்னா மறந்திருவ" என்றார். அதனால் மிஷினைப் பற்றி மட்டும்தான் இதில் எழுதப்போகிறேன்.

செங்கோட்டையில் எங்கள் கதவுப் பட்டறையில் பெண்கள் நாலு பேர். ஆண்கள் அறுத்து இழைத்துப் பூட்டிக் கொடுக்கும் கதவுக்கு உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்குவது எங்கள் வேலை. இப்போது மூன்று பேர். சுப்புத்தாய் மதினி, ரஹ்மத் அக்கா, நான். என் தங்கச்சி பூங்கனி போன மாதம் பன்னிரண்டாம் தேதி காய்ச்சலில் போய்விட்டாள். மிஷின் பிடித்தவள் அவள்தான்.

கல்யாண மண்டபத்துக்குப் பதினாலு தேக்குக் கதவு, இந்த மாதம் இருபத்தைந்துக்குள் போக வேண்டும். கையால் தேய்த்தால் தை மாதம் ஆகும். மிஷினுக்கு ஆள் வரவில்லை என்றால் தேய்ப்பு வேலையை மொத்தமாகப் புளியரைப் பக்கம் ஒரு மில்லுக்குக் கொடுத்துவிடுவேன் என்கிறார் மொதலாளி. பிறகு எங்கள் மூன்று பேருக்கும் அங்கே வேலை இல்லை. சுப்புத்தாய் மதினிக்குக் கை நடுக்கம். ரஹ்மத் அக்காவுக்குக் கண்ணில் புரை. மிச்சம் நான்.

மிஷின் ஒரு பன்றிக்குட்டி அளவு இருக்கிறது. அடியில் முன்னும் பின்னும் இரண்டு உருளை. அதைச் சுற்றி உப்புத்தாள் பட்டை, வளையல் மாதிரி. சுவிட்சைப் பிடித்தால் பட்டை சுற்றும். இன்றைக்குத் துடைத்து வைத்ததோடு சரி.

நவம்பர் 4, செவ்வாய்

மிஷின் விற்ற கடையிலிருந்து ஒரு தம்பி வந்து காட்டிக்கொடுத்தார். பத்து நிமிஷம்தான் நின்றார். மறக்குமுன் எழுதுகிறேன்.

ஒயரைப் பிடுங்கிவிட்டுத்தான் பட்டையில் கை வைக்க வேண்டும். பக்கத்து லீவரைத் தூக்கினால் முன் உருளை உள்ளே போகும், பட்டை தளரும், உருவிவிடலாம். புதுப் பட்டையின் உள்பக்கம் அம்புக்குறி இருக்கும். மிஷின் மேலே போட்ட அம்பும் அதுவும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் ஒட்டு விட்டு அறுந்துவிடும். அறுபதாம் நம்பர் சொரசொரப்பு, முதலில் அது. பிறகு எண்பது. கடைசியில் நூற்றிருபது. பின்னால் தொங்கும் பை தூசிக்கு. பாதி நிறைந்ததும் கொட்ட வேண்டும்.

போகும்போது அவர், முன்னாடி ஒரு அக்கா இருந்தாங்களே, மிஷின் கையிலேயே நிற்கும் அவங்களுக்கு, எங்கே என்று கேட்டார். சுப்புத்தாய் மதினி வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். நான்தான் பதில் சொன்னேன்.

நவம்பர் 5, புதன்

மழை. கரண்டு இல்லை. கையால் நாலு சட்டம் தேய்த்தேன்.

நவம்பர் 6, வியாழன்

இன்றைக்கு மிஷின் ஓடிப்போய்விட்டது.

பலகை மேல் வைத்திருந்தேன். ஒயரைச் செருகிச் சுவரில் சுவிட்சைப் போட்டதுதான் தாமதம், யாரும் தொடாமலேயே அது தடதடவென்று பலகையில் ஓடி, விளிம்பில் குதித்து, ஒயர் இழுத்த பக்கம் திரும்பி ரஹ்மத் அக்காவின் காலைப் பார்த்து வந்தது. அக்கா அந்த உடம்போடு சட்ட அடுக்கின் மேல் ஏறி நின்றுவிட்டாள். சுப்புத்தாய் மதினிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒயரைப் பிடுங்கியது நான்தான். அதில் முழங்கை சட்டத்தில் இடித்துக் கன்றிப்போனது.

"கன்னுக்குட்டிய அவுத்து விட்டுட்டு நிக்காளே, மூக்கணாங்கயிறு எங்கட்டி?" என்றாள் மதினி. கனி போன பிறகு பட்டறையில் அதுதான் முதல் சிரிப்பு. பாதியில் எல்லாரும் நிறுத்திக்கொண்டோம்.

விஷயம் என்னவென்றால், கைப்பிடியின் இடது பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான். அது அமுங்கினால் விரலை எடுத்தாலும் மிஷின் நிற்காது. அமுங்கியபடியே இருக்கையில் ஒயரைச் செருகினால் தானாகக் கிளம்பும். எனக்கு இடது கைப் பழக்கம். உள்ளங்கை மேடு நேரே அந்தப் பொத்தானில் போய் உட்காருகிறது. வலது கைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இது அன்றைக்கே தெரிந்திருந்தால்.

நவம்பர் 7, வெள்ளி

மொதலாளி ஜும்மாவுக்குப் போனார். வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்குப் பட்டறையில் இருப்புக் கொள்வதில்லை. சோற்றைத் திறக்காமல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து போய், சும்மா நின்று, திரும்பி வந்தேன். ஏன் தண்ணீரே குடிக்க மாட்டேன் என்கிறாய் என்று ரஹ்மத் அக்கா கேட்டாள். பட்டறையில் பெண்களுக்குக் கக்கூஸ் இருக்கிறது. நான் அதற்குப் போவதில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான். அடிவயிறு எரிகிறது.

நவம்பர் 9, ஞாயிறு

வீட்டில் மிஷின் இல்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

கனி வீடும் என் வீடும் ஒரே சுவர். கனியின் மகள் சுகந்தி ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். பத்தொன்பது வயது. அவள் அப்பன் புனலூரில் வேறு குடும்பமாகிப் பன்னிரண்டு வருஷம். கனியை எடுப்பதற்கு வந்தான், காரியத்துக்கு இருந்தான், போய்விட்டான். எனக்கும் வீட்டுக்காரர் இல்லை, பிள்ளை இல்லை. அவள் என் வீட்டில் சாப்பிடுகிறாள், அவள் வீட்டில் போய்ப் படுக்கிறாள். இந்தப் பிள்ளையை விட்டால் எனக்குச் சோறு போடவும் ஆள் கிடையாது, கேட்கவும் ஆள் கிடையாது.

இன்று துவைத்தேன். பரணைத் துடைத்தேன். துடைத்த பாத்திரத்தை மறுபடி இறக்கித் துலக்கினேன். அரிசியில் கல் பார்த்தேன், அது கல் இல்லாத அரிசி.

"செத்த உக்காரு பெரிம்மா. உன்னப் பாத்தாலே எனக்குத் தலை சுத்துது" என்றாள்.

உட்கார்ந்தேன். உடனே அடுப்பில் ஏதோ ஞாபகம் வந்து எழுந்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

நவம்பர் 10, திங்கள்

கழிவுப் பலகையை இரண்டு பக்கமும் இறுக்கிப் பூட்டிப் பழகினேன்.

எனக்குக் கிடைத்திருக்கும் பாடம் எல்லாம் கனி சொன்னதுதான். என்னிடம் சொன்னது இல்லை. சுப்புத்தாய் மதினியிடம் கத்திக் கத்திச் சொல்வாள், மதினி செவிடு மாதிரி. மிஷினை மரத்தில் வைத்துவிட்டு ஓட்டாதே, அந்தரத்தில் ஓடவிட்டுப் பிறகு இறக்கு. எடுக்கும்போது முதலில் தூக்கு, பிறகு நிறுத்து. மரத்து ரேகை போகிற பக்கம் போ, குறுக்கே போகாதே. ஒயரைத் தோள் மேல் போட்டுக்கொள். ஓர் இடத்தில் நிற்காதே, கண் மூடித் திறக்குமுன் குழி விழும். அமுக்காதே, அதன் கனமே போதும்.

அப்போதெல்லாம் எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். மதினிக்கு எதற்கு இந்தப் பாடம், பெரிய இஞ்சினியர் என்று நினைத்துக்கொள்வேன். நானும் கனியும் வைகாசியிலிருந்து பேச்சில்லை. மிஷின் வந்தது வைகாசியில்.

சண்டை என்று ஒன்றும் இல்லை. யாருக்கு நம்பர் வாசிக்கத் தெரியும் என்று மொதலாளி கேட்டார். கனி எட்டாவது வரை படித்தவள், கையைத் தூக்கினாள். பதினெட்டு வருஷமாக அந்தப் பட்டறையில் தேய்க்கிறவள் நான். அவளை அங்கே கூட்டிக்கொண்டுபோய்ச் சேர்த்ததே நான். திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைத் தூக்கினாள். அவ்வளவுதான்.

மிஷினை அமுக்காமல் இருப்பதுதான் கஷ்டம். பதினெட்டு வருஷமாக அமுக்கித் தேய்த்த கை. ஒரு நாளில் எப்படி விடும்?

நவம்பர் 12, புதன்

பட்டை ஓரம் போகிறது. சுற்றச் சுற்ற இடது பக்கம் நகர்ந்து மிஷின் உடம்பையே அறுக்கிறது. அதைச் சரிசெய்யப் பக்கத்தில் ஒரு திருகு இருக்கிறது. வலப்பக்கம் திருகினால் வலப்பக்கம் வரும். கொஞ்ச நேரம் நேரே ஓடும். பிறகு ஒரு குதி குதித்து மறுபடி இடது. மத்தியானத்துக்குள் ஒரு பட்டை கிழிந்தது.

கனி கையில் ஒழுங்காக ஓடிய மிஷின்தானே என்றார் மொதலாளி. ஆமாம் என்றேன்.

நவம்பர் 13, வியாழன்

இரண்டாவது பட்டையும் போனது.

எல்லாவற்றையும் கழற்றிப்போட்டு வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். முன் உருளையின் ஓரத்தில் ஒரு பொட்டு. சந்தனம், நடுவில் குங்குமம். ஒரு விரல் நுனி அளவு. காய்ந்து கல்லாகியிருக்கிறது. பட்டை அதன் மேல் ஏறும்போதெல்லாம் ஒரு குதி குதித்து ஓரம் போகிறது.

ஆயுத பூஜைக்கு வைத்தது. எங்கள் பட்டறையில் அவரவர் சாமானுக்கு அவரவர் பொட்டு வைக்க வேண்டும். மொதலாளி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார், பொரியும் வாழைப்பழமும் அவர் செலவு. கனி மிஷினைப் பிரித்து, பட்டையை உருவி, எண்ணெய்த் துணியால் துடைத்து, மேலே, கைப்பிடியில், உருளையில் எல்லாம் பொட்டு வைத்தாள். சந்தனம் காய்ந்தால் உதிர்ந்துபோகுமே. அதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். கதவுக்கு ஒட்டும் பசையைச் சந்தனத்தில் குழைத்துவிடுவாள். "அடுத்த பூசை வரைக்கும் சாமி எங்கயும் போவாது" என்பாள். வருஷா வருஷம் இந்தக் கூத்து. உளியிலும் ரம்பத்திலும் அது இருந்தால் ஒரு கெடுதியும் இல்லை. உருளையில் இருந்தால் கெடுதி. அது அவளுக்கும் தெரிந்திருக்காது, பூஜைக்குப் பிறகு அவள் மிஷினை ஓட்டவே இல்லையே. மறுநாள் லீவு. அப்புறம் இரண்டு நாள் கரண்டு இல்லை. ஆறாம் தேதி காய்ச்சல்.

பூஜையன்று என் தேய்ப்புக் கட்டைக்கும் அவள் ஒரு பொட்டு வைத்திருந்தாள், நான் கை கழுவப் போன நேரத்தில். பார்த்தேன். எல்லாரும் பார்க்க உளியை எடுத்துச் சுரண்டி எறிந்தேன். கனி பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

உருளைப் பொட்டில் அவள் விரல் ரேகை தெரிகிறது.

நவம்பர் 14, வெள்ளி

சுரண்டவில்லை. திருகை முழுக்கத் திருப்பி, மிஷினைச் சாய்த்துப் பிடித்து ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவது பட்டையும் ஓரம் நைந்தது. மொதலாளி நின்று பார்த்துவிட்டு, நாளைச் சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன், திங்கட்கிழமை கதவை மில்லுக்கு வண்டி ஏற்றிவிடுவேன் என்று சொல்லிப் போனார்.

ரஹ்மத் அக்கா பக்கத்தில் வந்து, புரை விழுந்த கண்ணை உருளைக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். அவளுக்கு என்ன தெரிந்ததோ. என் முதுகில் கையை வைத்துவிட்டுப் போனாள்.

நவம்பர் 15, சனி

காலையில் யாரும் வருமுன் போனேன். வெந்நீர்த் துணியை அரைமணி நேரம் சுற்றி வைத்தேன். நகத்தால் எடுத்தேன். மிச்சத்தை உளியால். உருளை கீறாமல் எடுக்க வேண்டுமே, அதனால் மெதுவாக.

பட்டை நேரே ஓடுகிறது. திருகைத் தொட வேண்டியிருக்கவில்லை. நாள் முழுக்க ஓடியது. மொதலாளி வந்து கதவைத் தடவிப் பார்த்துவிட்டு மில்லுக்குப் போன் பண்ண வேண்டாம் என்று மேஸ்திரியிடம் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போது கஞ்சியைக் காலில் கொட்டிக்கொண்டேன்.

நவம்பர் 18, செவ்வாய்

மூன்று கதவு முடிந்தது. கைக்கு வந்துவிட்டது. அமுக்க வேண்டாம், அது போகிற பக்கம் கூடப் போனால் போதும்.

மத்தியானம் நான் முதல் நாள் பழகிய கழிவுப் பலகையை அடுப்புக்கு எடுத்துப்போக வந்தாள் சுப்புத்தாய் மதினி. அதில் ஒரு குழி, நான் போட்டதுதான். வாங்கிப் பார்த்தேன். பிறை மாதிரி. ஒரு பக்கம் மட்டும் ஆழம், அங்கே பட்டையின் ஓரம் வெட்டிய கோடு. இடது கையால் அமுக்கினால் மிஷின் இடது பக்கம் சாயும். சாய்ந்த பக்கம் தோண்டும். வலது கைக்காரர்கள் போட்டால் இப்படி விழாது.

பலகையைக் கையில் வைத்துக்கொண்டே பெண்கள் கக்கூஸுக்குப் போனேன். ஆவணிக்குப் பிறகு இன்றைக்குத்தான் போகிறேன்.

அதன் கதவு தேக்கு. கக்கூஸுக்கு யாராவது தேக்குக் கதவு போடுவார்களா? ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தக் கதவில் குழி விழுந்துவிட்டது. டாக்டர் வீட்டுக்குச் செய்த கதவு. நடுப்பலகையில் குழி, அதனால் விற்க முடியாமல் போனது. கண்ணில் படட்டும் என்று மொதலாளி அதைக் கொண்டுபோய்ப் பெண்கள் கக்கூஸில் மாட்டினார். கனி கதவு என்று பேர். "கனி கதவச் சாத்திட்டு வாட்டி" என்று சுப்புத்தாய் மதினி விளையாட்டாகச் சொல்லுவாள். கனியும் சிரிப்பாள்.

உள்ளே போய்ச் சாத்திக்கொண்டு பார்த்தேன். முகத்துக்கு நேரே இருந்தது. கையில் இருந்த பலகையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிறைக்குப் பிறை, கோட்டுக்குக் கோடு.

மூன்று மாசம் மிஷின் பிடித்தவளுக்கு இது யார் கை என்று தெரியாமலா இருக்கும்? பார்த்த மாத்திரத்தில் தெரிந்திருக்கும்.

இன்னொன்று. வைகாசி, ஆனி, ஆடி மூன்று மாசமும் கனி மிஷினைப் பற்றி யாரிடமும் வாய் திறந்ததில்லை. அவள் மதினியிடம் கத்திக் கத்திப் பாடம் சொல்ல ஆரம்பித்தது அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு, மறுநாள் சனிக்கிழமையிலிருந்து. மதினி அவளுக்குப் பக்கத்தில் இருப்பாள். நான் கடைசியில் ஜன்னலோரம் இருப்பேன். என் காதில் விழ வேண்டும் என்றால் கத்தத்தானே வேண்டும்.

நவம்பர் 19, புதன்

அஞ்சு கதவு.

நவம்பர் 21, வெள்ளி

எட்டு. பட்டை இரண்டு மாற்றினேன். தூக்கம் இல்லை. சுகந்தி என் தலைமுடியில் தூசி என்று ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். "எங்கம்மா மாதிரியே மரவாசனை அடிக்க பெரிம்மா" என்றாள். எனக்கு வேலை இருக்கிறது என்று எழுந்துவிட்டேன்.

நவம்பர் 24, திங்கள்

பதினாலாவது கதவும் முடிந்தது.

மொதலாளி எல்லாரையும் கூப்பிட்டார். டீ, பருப்பு வடை. கதவுகளை வரிசையாகச் சாய்த்து வைத்துத் தடவிக்கொண்டே போனார். அவருக்குச் சந்தோஷம். மிஷின் இனி முப்புடாதி பொறுப்பு, சம்பளமும் தனி என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அந்தப் புள்ள நல்லாத்தான் ஓட்டுனா, இல்லன்னு சொல்லல. ஆனா ஒரு தேக்குக் கதவ நாசம் பண்ணுனா. நீ பதினாலுல ஒண்ணக்கூடக் கெடுக்கல. அக்கா அக்காதான்."

டீ என் கையில் இருந்தது. கீழே வைத்தேன்.

"அந்தக் கதவக் கெடுத்தது நான் மொதலாளி."

அவருக்குப் புரியவில்லை. மறுபடியும் சொன்னேன். நீங்கள் ஜும்மாவுக்குப் போயிருந்தீர்கள், கனி சாப்பிடப் போயிருந்தாள், அவளால் முடிவது என்னால் முடியாதா என்று எடுத்து ஓட்டினேன், கை பொத்தானில் அமுங்கிவிட்டது, நிறுத்தத் தெரியவில்லை, நிற்கும் என்று அமுக்கினேன், குழி விழுந்துவிட்டது, ஒயரைப் பிடுங்கி வைத்துவிட்டுப் போய்ச் சோறு தின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் அவளைத் திட்டும்போது நான் ஜன்னலோரம் தேய்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொன்னேன்.

வடையைக் கடித்த வாயோடு எல்லாரும் அப்படியே இருந்தார்கள். சுப்புத்தாய் மதினி மட்டும், "பாவி, நான் ஒரு மாசமா அவள அந்தக் கதவச் சொல்லிக் கேலி பண்ணுனேனட்டி" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மொதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். 

"லாரிக்காரன், கூலிக்காரன் எல்லாம் நிக்கையில வச்சு வாய்க்கு வந்தபடி பேசுனேன். என் கைதான் தவறிருச்சு மொதலாளின்னா. ஒத்த வார்த்தை கூடப் பேசல. நான் இப்ப யாருகிட்டப் போயி நிக்க?"

நான் டீ கிளாஸை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"அவ மகளுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"போயி அவகிட்டச் சொல்லு. சொல்லிட்டு வா. சொல்லாம இந்தப் பட்டறைக்குள்ள கால் வைக்காத."

நவம்பர் 25, செவ்வாய்

வேலைக்குப் போகவில்லை. சொல்லவும் இல்லை. காய்ச்சல் என்று சொல்லி வைத்தேன். சுகந்தி நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கடைக்குப் போகும் அவசரத்திலும் எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். கனி காய்ச்சலில் படுத்தபோது நான் கஞ்சி வைத்தேன். ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோனேன். படியேறவில்லை. சுப்புத்தாய் மதினி கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். நாளைக்குப் போவோம் என்று நினைத்தேன். நாளைக்கு என்று மூன்று நாள் நினைத்தேன்.

நவம்பர் 26, புதன்

சொல்லவில்லை. மாவு அரைத்தேன். சொல்லிவிட்டால் இந்தப் பிள்ளை போய்விடும்.

நவம்பர் 27, வியாழன்

சொன்னேன்.

அவள் வேலைக்குப் போகச் சேலையில் ஊக்குக் குத்திக்கொண்டிருந்தாள். உட்கார வைத்துச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன், நின்றபடியே வந்துவிட்டது. அவள் ஊக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள். அழவில்லை.

"எந்த வெள்ளிக்கிழமை?" என்றாள்.

ஆவணி, மூன்றாவது வெள்ளி என்றேன்.

"அன்னைக்கு அம்மா கண்ணெல்லாம் வீங்கி வந்தா. என்னம்மான்னு கேட்டேன். மொதலாளி ஏசிட்டாருன்னா. பெறவு சாப்புடும்போது சிரிச்சா. 'பெரியம்மா இன்னைக்கு நம்ம வீட்டுக்கு வந்து பேசிருவாடி, வேணா பாரு'ன்னா. எனக்கு ஒண்ணும் விளங்கல. ஏச்சு வாங்கிட்டு வந்தவ எதுக்குச் சிரிக்கான்னு."

நான் கீழே கிடந்த சீப்பை எடுத்து மாடத்தில் வைத்தேன்.

"அன்னைக்கு வாசக்கதவச் சாத்தவிடல பெரிம்மா. மறுநாளும் விடல. நாய் வருது, சாத்தும்மான்னேன். கெடக்கட்டும்னா."

ஊக்கைக் குத்திக்கொண்டு போய்விட்டாள். மத்தியானம் சாப்பிட வரவில்லை. சாயங்காலம் நேரே அவள் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நவம்பர் 28, வெள்ளி

பட்டறைக்குப் போனேன். மொதலாளி என் முகத்தைப் பார்த்தார்.  மிஷின் இருக்கும் அலமாரிச் சாவியை மேசை மேல் வைத்தார். நான் எடுக்கவில்லை.

பதினோரு மணிக்குச் சுகந்தி வந்தாள். கடையில் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். யாரையும் பார்க்காமல், பெண்கள் கக்கூஸ் எங்கே என்று ரஹ்மத் அக்காவிடம் கேட்டுப் போனாள். அந்தக் கதவின் முன்னால் நின்றாள். குழிக்குள் நாலு விரலையும் வைத்துப் பார்த்தாள். பிறகு மொதலாளியிடம் வந்து, இதைக் கழற்றிக் கொடுங்கள், இது எங்கம்மா பேரில் இருக்கிற கதவு என்றாள்.

ஆள் கூப்பிடவில்லை மொதலாளி. திருப்புளியை எடுத்துவந்து தானே கழற்றினார். அவருக்கு அறுபத்தைந்து வயது, கீல் ஆணி துரு பிடித்திருந்தது, வேர்த்துக் கொட்டியது. கழற்றி முடித்து, "எம்மா, என்ன மன்னிச்சிரு" என்று அந்தச் சின்னப் பிள்ளையிடம் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். லோடு ஆட்டோவில் கதவை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். என் பக்கம் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு சாயங்காலம் வரைக்கும் கக்கூஸுக்கு ரஹ்மத் அக்காவின் பழைய துப்பட்டியைக் கட்டித் தொங்கவிட்டு, ஒருத்தி போனால் ஒருத்தி காவல் நின்றோம்.

நவம்பர் 29, சனி

நான் வேலை முடிந்து வரும்போது கதவு எங்கள் இரண்டு வீட்டு வாசலுக்கும் நடுவில், நாலு செங்கல் மேல் படுக்க வைத்திருந்தது. சுகந்தி அவள் வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"குழிய அடைக்க முடியுமா?" என்று கேட்டாள். இரண்டு நாளில் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

அடைத்தால் தெரியும் என்றேன். மரத்தூளும் பசையும் வைத்து அடைக்கலாம், பாலிஷ் போட்டால் அந்த இடம் மட்டும் கறுத்துத் தெரியும். குழி போக வேண்டும் என்றால் ஒரே வழிதான். பலகை முழுவதையும் குழியின் ஆழத்துக்கு இறக்க வேண்டும்.

"இறக்கு."

மிஷினைக் கேட்டு வாங்கி வருகிறேன், ஞாயிற்றுக்கிழமை கொடுப்பார் என்றேன்.

"மிஷின் வேண்டாம். கையால" என்றாள்.

நவம்பர் 30, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு அறுபதாம் நம்பர் தாளில் ஆரம்பித்தேன். கட்டையில் தாளைச் சுற்றிக்கொண்டு, ரேகை போகும் பக்கம். கையால் தேய்க்கும்போது அமுக்கித்தான் ஆக வேண்டும்.

பத்து மணிக்குச் சுகந்தி வெளியே வந்தாள். பார்த்தாள். உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அவள் வாசல் கதவை அவள் சாத்தவில்லை.

மத்தியானம் வரைக்கும் ஒரு சாண் அகலம் இறங்கியிருக்கிறது, தாள் கனம் அளவு. குழி அப்படியே இருக்கிறது.